உப்புக்காற்றில் ஓடும் பழைய வண்டி: கோளாறைப் பார்த்து மாற்றுச் சாமான் தேடுவது

ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ரோட்டோரமாக டூவீலர் பட்டறை போட்டிருக்கிறேன். வருகிற வண்டிகளில் பாதி, பின்னால் மீன் பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல். மீதியில் ஹீரோ ஹோண்டாவின் சிடி100, பழைய ஸ்பிளெண்டர், ஒன்றிரண்டு யமஹா ஆர்எக்ஸ்100. அப்புறம், அப்பா ஓட்டினது என்று விற்க மனசில்லாமல் வைத்திருக்கும் யெஸ்டியும் புல்லட்டும். வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "கம்பெனியே நிறுத்திட்டாகளாம்ண்ணே, சாமான் கெடைக்காதுங்குறாக."

கம்பெனி நிறுத்தியது உண்மைதான். ஆர்எக்ஸ்100 நின்றது 1996-இல். யெஸ்டி செய்த மைசூர் ஆலை மூடியதும் அதே வருஷம். ஆனால் வண்டியில் தேய்கிற சாமான்களில் பெரும்பங்கை வண்டிக் கம்பெனி செய்வதே இல்லை. பேரிங், ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), செயின், பிளக், பல்பு எல்லாம் வேறு ஆலைகள் பொது அளவில் செய்பவை. வண்டிக்காரன் அதை வாங்கி மாட்டி, பெட்டியில் தன் பெயரை ஒட்டுகிறான். அதனால் கடையில் போய் "ஆர்எக்ஸ் பின் சக்கர பேரிங் இருக்கா" என்று கேட்டால் பையன் இல்லை என்பான். அதே பேரிங் அவன் தலைக்கு மேல் தட்டில் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும். அவன் மேல் தப்பில்லை, நாம் கேட்ட கேள்வி அப்படி.

கையில் வேண்டியது மூன்று: கழற்றிய பழைய சாமான், ஒரு வெர்னியர் (விட்டமும் கனமும் நுணுக்கமாக அளக்கும் கருவி), குறித்துவைக்க ஒரு நோட்டு. போனில் படம் எடுக்கலாம், ஆனால் படத்தில் அளவு தெரியாது. வெர்னியரை வைத்தபடியே எடுங்கள்.

இனி கோளாறு வாரியாகப் பார்ப்போம்.

பின் சக்கரம் ஆடுகிறது, கரகரவென்று சத்தம்

நம் கரையில் முதல் இடம் இதற்குத்தான். ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்புமாக ராத்திரி முழுக்கப் பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) மேல் சொட்டுகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அரிச்சல்முனைப் பக்கம் போய்வந்தால் மணலும் சேர்ந்துகொள்ளும்.

நடு ஸ்டாண்டு போட்டு, டயரை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் போய்விட்டது, பேரிங்கை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. இதைப் பார்க்காமல் பேரிங் மாற்றிவிட்டு "இன்னும் ஆடுதே" என்று வருகிறவர்கள் நிறைய.

பேரிங் கழற்றியதும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் பக்கத்தில் நம்பர் தெரியும். 6202, 6301, 6302 இப்படி. கடைசி இரண்டு இலக்கம் உள் ஓட்டையின் அளவு: 00 என்றால் 10 மில்லிமீட்டர் (நாங்கள் சுருக்கி மில்லி என்போம்), 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04-லிருந்து ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம், 04 என்றால் 20. முன்னால் இருக்கும் 62, 63 என்பது பேரிங்கின் கனம். 6202-இன் வெளி விட்டம் 35, அகலம் 11. 6302-க்கு வெளி விட்டம் 42, அகலம் 13. உள்ளே ஆக்சில் (சக்கர அச்சு) இரண்டிலும் சரியாக நுழையும், ஹப்பில்தான் உட்காராது. ஆக்சிலில் நுழைத்துப் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்த கதை இங்கே மாதம் ஒன்று நடக்கும்.

துரு தின்று நம்பரே இல்லை என்றால் உள், வெளி, அகலம் மூன்றையும் அளந்தால் போதும். 12, 37, 12 வந்தால் அது 6301. வேறு எதுவும் யோசிக்க வேண்டாம்.

இந்த நம்பருக்கு வண்டி, மோட்டார் என்ற பேதம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்குப் புதுமடத்து மீன் வியாபாரி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், பெட்டியில் சரக்கோடு. கழற்றினால் 6202, உருண்டையே இல்லை. ஸ்பேர் கடை எல்லாம் பூட்டு. பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணனை எழுப்பினேன். தண்ணீர் மோட்டாரிலும் மின்விசிறியிலும் 6201, 6202, 6203-தான் ஓடுகிறது; அவரிடம் எப்போதும் இருக்கும். ஆறு மணிக்கு வியாபாரி கிளம்பிவிட்டார். எழுப்பியதற்கு அண்ணன் இன்றுவரை திட்டுகிறார், அது வேறு.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். 2ஆர்எஸ் என்றால் இரு பக்கமும் ரப்பர் மூடி, இசட்இசட் என்றால் தகரமூடி. இந்தக் கரைக்கு ரப்பர்தான். தகரமூடி தூசியைத் தடுக்கும், உப்புத் தண்ணீரைத் தடுக்காது. உங்கள் பழைய பேரிங் திறந்ததாக இருந்தாலும் சக்கரத்துக்கு ரப்பர் மூடி போட்டதையே வாங்குங்கள், அளவு ஒன்றுதான்.

ஹோண்டா வழி வந்த வண்டிகளில் இன்னொரு வசதி உண்டு. அவர்களுடைய பார்ட் நம்பருக்குள்ளேயே பேரிங் நம்பர் ஒளிந்திருக்கும். 96100-63010-00 என்று பட்டியலில் இருந்தால் நடுவில் 6301 தெரிகிறதா? அதைப் படித்துவிட்டு எந்த பேரிங் கடைக்கும் போகலாம்.

மாட்டும்போது இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருக்கும் குழாயை மறக்காதீர்கள். அது இல்லாமல் ஆக்சிலை முறுக்கினால் புது பேரிங் ஒரு வாரத்தில் போய்விடும். அடிக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அடியுங்கள். ஹப் தேய்ந்து பேரிங் கையாலேயே உள்ளே போனால் லேத்தில் (கடைசல் பட்டறையில்) கொடுத்து ஸ்லீவ் (உள் வளையம்) போடுவதுதான் வழி. சுத்தியும் ஆணியும் வைத்துப் புள்ளி குத்தி இறுக்குவது ஒரு மாதக் கூத்து.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த மோட்டார் கடை வித்தை சக்கரத்தோடு நிற்கட்டும். இன்ஜினுக்குள் சுழலும் கிராங்கின் பேரிங்கில் சி3 என்று எழுதியிருக்கும். உள்ளே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டுச் செய்தது என்று அர்த்தம். சூட்டில் விரிவதற்கு அந்த இடம் வேண்டும். அங்கே மோட்டார் கடை பேரிங்கைப் போட்டால் இன்ஜின் ஜாம் ஆகும் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செயின் சத்தம், ஆக்சிலேட்டர் கொடுத்தால் தாவுகிறது

செயினுக்கும் நம்பர் தகட்டிலேயே குத்தியிருக்கும். நம்மூர் 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428. சின்ன வண்டிகளில் 420 வரும். இரண்டிலும் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் தூரம் ஒன்றே, 12.7 மில்லி, அதாவது அரை அங்குலம். அதனால் ஒன்றாகவே தெரியும். உள் அகலம் வேறு: 428-க்கு 7.9 மில்லி, 420-க்கு 6.35. உருளையின் கனமும் வேறு. 428 பல்சக்கரத்தில் 420 செயின் உட்காரவே உட்காராது. மாற்றிப் போட்டால் உட்காரும், பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்றுவிடும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் மாட்டிய அன்றைக்கு ஓடும்.

தேய்ந்ததா என்று பார்க்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ஒரு அடி ஸ்கேல் போதும். அரை அங்குலம் 24 தடவை என்றால் சரியாக ஓர் அடி. செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணி 24 கட்டம் தள்ளி இருக்கும் பின்னைப் பாருங்கள். ஓர் அடிக்கு மேல் கால் அங்குலம் போயிருந்தால் செயின் கதை முடிந்தது.

செயினை மட்டும் மாற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முன், பின் பிராக்கெட் (பல்சக்கரத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பல் கொக்கிபோல வளைந்திருந்தால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். உங்கள் வண்டிக்கு செட் கிடைக்கவில்லை என்றால் பின் பிராக்கெட்டில் நடு ஓட்டை விட்டம், போல்ட் எத்தனை, எதிரெதிர் போல்ட் நடுவே தூரம், பல் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கும் ஒத்தால் எந்த வண்டிப் பெயர் போட்டிருந்தாலும் ஏறும். முன் பிராக்கெட்டுக்கு உள் வரிப்பல்லை எண்ண வேண்டும். பல் ஒன்று கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை: முன்னால் ஒரு பல் குறைந்தால் இழுவை கூடும், வேகம் குறையும். நூறு கிலோ பெட்டி கட்டுகிறவருக்கு அது நல்லதுதான்.

வெள்ளைப் புகை, கியர் ஆயில் தானாகக் குறைகிறது

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்காரர்களுக்கு மட்டும். புகையில், பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில் வாசனை இல்லாமல் கியர் ஆயில் எரிந்த வாசனை வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது. இன்ஜின் அந்த வழியாகக் கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. புகை இல்லாமல், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வண்டி அலறிக்கொண்டே இருந்தால், மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் பக்கத்து சீல். அங்கே காற்று புகுந்து பெட்ரோல் விகிதம் கெடுகிறது. இரண்டையும் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும்) வேலை என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. சீல் விலை எவ்வளவு என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சீலில் மூன்று எண் இருக்கும். 20 32 7 என்றால் உள் விட்டம் 20, வெளி விட்டம் 32, கனம் 7. முதல் இரண்டில் சமரசம் கிடையாது. மூன்றாவதில் குழியின் ஆழம் இடம் கொடுத்தால் ஒரு மில்லி குறைந்ததைப் போடலாம், கூடினதைப் போட முடியாது. பம்பு செட், டிராக்டர், படகு இன்ஜின் சாமான் விற்கும் கடைகளில் சீல் பெட்டி பெட்டியாக இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் அங்கே முதலில் கேளுங்கள். கிராங்குக்குப் பெட்ரோலும் சூடும் தாங்கும் ரப்பர் வேண்டும், விட்டான் என்று கேட்டால் கொடுப்பார்கள். சக்கரத்துக்கும் கியர் ஷாஃப்டுக்கும் சாதாரணக் கறுப்பே போதும்.

எவ்வளவு கிக்கர் அடித்தும் ஸ்பார்க் இல்லை

முதலில் பிளக். இங்கே எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் அலைச்சல் பாதி குறையும். என்ஜிகே பிளக்கில் முதல் எழுத்து மரையின் விட்டம்: பி என்றால் 14 மில்லி, டி என்றால் 12, சி என்றால் 10. நடுவில் வரும் எச் என்றால் மரையின் நீளம் 12.7 மில்லி, இ என்றால் 19. சிடி100, ஸ்பிளெண்டருக்குப் போடும் சி7எச்எஸ்ஏ-வை இப்போது நீங்களே பிரித்துப் படிக்கலாம். ஆர்எக்ஸ்100 வாசலுக்கு 14 மில்லி வேண்டும், அதனால் இது ஏறாது. நீளம் தவறினால்தான் விபரீதம். கூடினால் பிஸ்டனில் இடிக்கும். குறைந்தால் ஹெட்டின் மரையில் கரி பிடித்து, பிறகு சரியான பிளக்கே ஏறாது.

நடு எண் சூட்டுக் கணக்கு. இதில்தான் மெக்கானிக்குகளே தடுமாறுவது. என்ஜிகே-யில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். போஷில் நேர் எதிர், எண் கூடினால் சூடானது. அதற்கும் மேல், அந்தக்கால மைகோ பிளக்கில் 175, 225 என்று மூன்று இலக்கம் இருக்கும், அதில் கூடினால் குளிர். ஆகவே கடையில் "ஏழு வேணும்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தக் கம்பெனியின் ஏழு என்று சொல்லிக் கேளுங்கள்.

பிளக் நன்றாக இருந்து ஸ்பார்க் இல்லை என்றால் சிடிஐ (நேரம் பார்த்து ஸ்பார்க் கொடுக்கும் சின்னப் பெட்டி) பக்கம் வரலாம். இதில் இரண்டு ஜாதி. ஏசி வகை மேக்னட்டில் உள்ள தனிக் காயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் வண்டி கிளம்பும். டிசி வகைக்கு பேட்டரியின் 12 வோல்ட் வேண்டும். முனைகளின் எண்ணிக்கையும் பிளாஸ்டிக் சாக்கெட்டும் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி மாட்டிவிடுவார்கள். உங்கள் வண்டி பேட்டரியைக் கழற்றினாலும் கிளம்பும் வண்டியாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். ஆம் என்றால் ஏசி சிடிஐதான் தேட வேண்டும். வாங்கும் முன் கடைக்காரரிடம் "ஏசியா டிசியா" என்று கேளுங்கள். அவர் முழித்தால் வேறு கடை.

சிடிஐ-யைக் குற்றம் சொல்வதற்கு முன், கழற்றாமலேயே ஒயர் சந்திப்புகளைப் பாருங்கள். இந்தக் கடற்கரையில் செம்பு முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். என்னிடம் "சிடிஐ போச்சு" என்று வருகிறவற்றில் எத்தனையோ வண்டி உப்புத்தாளும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தவுடன் உயிர் பெற்றிருக்கிறது.

வேறு வண்டியின் சாமானை மாட்டுகிறவர்கள் ஒயர் நிறத்தை நம்பி நிறத்துக்கு நிறம் கோர்க்கக் கூடாது. ஹோண்டா வழி வண்டிகளில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டதும் மின்சாரம் வரும் ஒயர். யமஹாவில் கறுப்பு எர்த், சாவி மின்சாரம் பழுப்பில் வரும். சுசுகியில் எர்த் கறுப்பில் வெள்ளைக் கோடு, சாவிக்கு ஆரஞ்சு. ஸ்பிளெண்டரில் ஆர்எக்ஸ் சாமானைக் கறுப்புக்குக் கறுப்பாகக் கோர்த்து, ஒயர் கட்டு முழுக்க உருகி, சீட்டுக்கடியில் புகையோடு ஒரு தம்பி வந்தான். நானும் ஒரு காலத்தில் அதைச் செய்திருக்கிறேன், அவனிடம் சொல்லவில்லை.

லைட் மங்கல், இல்லையென்றால் பல்பு வாராவாரம் போகிறது

இரண்டுக்கும் ஒரே பரிசோதனை. இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் ரேஸ் கொடுத்து பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். பதிமூன்றரைக்கும் பதினாலரைக்கும் நடுவில் நின்றால் சார்ஜ் சரி. 15-ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட் போய்விட்டது. பல்பு போவதும் பேட்டரி கொதிப்பதும் அதனால்தான். பன்னிரண்டரையிலேயே கிடந்தால் முதலில் எர்த்தைத் தேய்த்துவிட்டுத் திரும்ப அளங்கள், அப்புறம் மேக்னட் காயில்.

நான்கு முனை ஆர்ஆர் யூனிட் பல வண்டிகளுக்குப் பொதுவாக ஓடும், ஆனால் முனைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாக்கெட் பொருந்துகிறதே என்று குத்தக் கூடாது. ஒற்றைக் காயில் வண்டிக்கு மூன்று மஞ்சள் ஒயர் வரும் யூனிட்டும், 6 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட்டும் ஆகவே ஆகாது. பேட்டரியில் வோல்ட் ஒத்தால் ஆம்பியர் கூடியது வைக்கலாம், 2.5 இருந்த இடத்தில் 5, தட்டில் இடம் இருந்தால்.

ஹேண்டில் நேராக நிற்கவில்லை, திருப்பினால் கட்டுகிறது

முன் சக்கரத்தைத் தூக்கி மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓர் இடத்தில் குழியில் விழுந்ததுபோல் நின்றால் கோன் செட்டின் (ஹேண்டில் திரும்பும் இடத்து உருண்டையும் கிண்ணமும்) கிண்ணம் குழிந்துவிட்டது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும். சொரசொரவென்று மட்டும் இருந்தால் உருண்டைகள்தான் துரு. பழைய உருண்டையின் விட்டத்தை அளந்து சைக்கிள் கடைக்குப் போங்கள். கால் அங்குலமும் பதினாறில் மூன்று பாக அங்குலமும் அங்கே எப்போதும் உண்டு. சைக்கிளின் பின் ஹப்பும் முன் ஹப்பும் அதில்தான் ஓடுகின்றன. கழற்றும்போது எண்ணிக்கொள்ளுங்கள், புதிதையும் பழையதையும் கலக்காதீர்கள்.

பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தால் விடுவதில்லை

இங்கே மட்டும் நான் கொஞ்சம் கறார். பொருந்தும் பிரேக் ஷூ தேடலாம், பொருத்தி எடுக்கும் பிரேக் ஷூ கூடாது. டிரம்மின் உள் விட்டம் (110, 130 இரண்டும்தான் அதிகம் கிடைக்கும்), ஷூவின் அகலம், ஒரு பக்கம் ஆணி உட்காரும் பிறையின் அளவு, மறுபக்கம் ஷூவை விரிக்கும் கேம் தொடும் இடத்தின் கனம், இவ்வளவும் ஒத்தால் எந்தப் பெயரில் வந்தாலும் போடுங்கள். கேம் பக்கத்தை அரம் போட்டு ராவி உட்காரவைத்த ஷூ, ஒரு நாள் டிரம்முக்குள் புரண்டு சக்கரத்தைப் பூட்டிவிடும். பாம்பன் பாலத்து மேல் நின்று அதைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை.

நம் கரைக்கென்று ஒரு நோய்: லைனிங் கெட்டியாகவே இருக்கும், ஆனால் ஷூவின் அலுமினியத்துக்கும் லைனிங்குக்கும் நடுவில் உப்புப் பூத்து, பசை விட்டுத் தூக்கிக்கொள்ளும். நகத்தால் விளிம்பை நெம்பிப் பாருங்கள். லைனிங் வந்தால் கனம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் குப்பைக்கு. டிரம் தூசியை ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; ஈரத்துணியால் துடையுங்கள். ஆக்சிலையும் லேத்தில் கடைந்து வாங்க வேண்டாம். சாதா இரும்பில் கடைந்த ஆக்சில் பெட்டிக் கனத்துக்கு வில்லாக வளைந்து வந்ததை இங்கே தொங்கவிட்டிருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

கேபிள், டயர் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேபிளில் வெளி உறையின் நீளம், உள் கம்பி வெளியே தெரியும் நீளம், முனை உருண்டையா பீப்பாயா, அவ்வளவுதான். டயரில் 2.75-18 கிடைக்காவிட்டால் 80/100-18 கேளுங்கள்.

பெட்ரோல் ஒழுகுகிறது, காலையில் கிளம்ப மறுக்கிறது

கார்புரேட்டர் நிரம்பி வழிந்தால் மிதவை ஊசி. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், இங்கே ஈரத்துக்குப் பஞ்சமா? ஒரு மாதம் நிறுத்திய வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் வெள்ளை மாவு படிந்திருக்கும். ஓ-ரிங்கைப் பழைய உப்பிய அளவில் அளக்காதீர்கள், அது உட்காரும் பள்ளத்தை அளங்கள்.

ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகு) மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்எக்ஸில் மிகுனி கார்புரேட்டர், ஹீரோ ஹோண்டாவில் கெய்ஹின். இரண்டிலும் ஜெட்டுக்கு எண் போடும் கணக்கு வேறு, மரையும் வேறு. மிகுனியில் 90 ஓடியது, அதனால் கெய்ஹினிலும் 90 என்பது கணக்காகாது. முழு கார்புரேட்டரையே மாற்றுவதானால் வாய் விட்டமும் இரண்டு போல்ட்டின் நடுத் தூரமும் பாருங்கள்.

இழுவை இல்லை, புகை, மேட்டில் திணறல்

பிஸ்டன் வேலைக்கு முன் ஏர் ஃபில்டரையும் சைலன்சர் அடைப்பையும் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஹீரோ ஹோண்டா குடும்பம் அதிர்ஷ்டக் குடும்பம். சிடி100, ஸ்பிளெண்டர், பேஷன் எல்லாவற்றிலும் 50 மில்லி போர் (சிலிண்டரின் உள் விட்டம்), 49.5 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 97.2 சிசி. அதனால் பிஸ்டன், ரிங், ஹெட் கேஸ்கட் தாராளமாகக் கிடைக்கும். பார்ட் நம்பரின் முதல் ஐந்து இலக்கம் சாமானின் வகையைச் சொல்லும், 13101 பிஸ்டன், 12251 ஹெட் கேஸ்கட். நடு மூன்று எந்த மாடலுக்காக முதலில் செய்தது என்பது. நடு மூன்று வேறானால் உடனே ஆகாது என்று அர்த்தமில்லை, ஆனால் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் மாட்டாதீர்கள். கிளட்ச், கியர் சாமான்கள் வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கின்றன.

வேறு வண்டியின் பிஸ்டனைப் போடுகிறேன் என்பவர்கள் விட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறுவார்கள். ஆர்எக்ஸ்100 போரும் 50 மில்லிதான்! பிஸ்டன் பின்னின் விட்டம், அந்தப் பின்னின் நடுவிலிருந்து பிஸ்டனின் மேல் தலை வரை உயரம் இரண்டும் ஒக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் இன்னொன்றும் உண்டு. ரிங் சுழலாமல் இருக்க பள்ளத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கும். ஆணி இருக்கும் இடம் மாறினால் ரிங்கின் வாய் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டுக்கு (துளைக்கு) நேரே வந்து, மாட்டி, உடையும். ஓவர்சைஸ் 0.25, 0.50, 0.75, 1.00 என்று போகும். முதலில் பிஸ்டனைக் கையில் வாங்கிவிட்டு, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள். போர் போட்டுவிட்டு பிஸ்டன் தேடி மதுரை, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் சந்தை என்று அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

புதுப்பேட்டைச் சாமான் பற்றி: மேக்னட் கவர், பக்க மூடி, ஹேண்டில், ரிம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடியதை வாங்கலாம். கிராங்க், சிடிஐ, பிரேக் சாமான் வேண்டாம்.

போல்ட் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது

ஏறாத போல்ட்டை ஸ்பேனர் நீட்டி முறுக்காதீர்கள். புது வண்டிகளில் எம்6-க்கு 1 மில்லி மரை, எம்8-க்கு 1.25. பழைய புல்லட்டில் இங்கிலீஷ் மரை. அதன் பதினாறில் ஐந்து பாக அங்குல போல்ட் 7.94 மில்லி, பார்வைக்கு எம்8-தான். ஆனால் சைக்கிள் மரை எனும் அந்த இங்கிலீஷ் மரையில் அங்குலத்துக்கு 26 சுற்று, எம்8-இல் ஏறக்குறைய 20. ஒன்றில் மற்றது இரண்டு சுற்று போகும், மூன்றாவதில் அலுமினியத்தை உரித்துக்கொண்டு வரும். பிட்ச் கேஜ் (மரையின் இடைவெளி அளக்கும் தகடு) இல்லையென்றால் சந்தேகமான போல்ட்டையும் தெரிந்த போல்ட்டையும் மரைக்கு மரை சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல் சேர்ந்தால் நடுவில் வெளிச்சம் தெரியாது.

உப்பில் இறுகியதைக் கழற்ற, முதல் நாள் ராத்திரியே டீசல் ஊற்றி வைத்துவிட்டு, காலையில் சுற்றியுள்ள அலுமினியத்தை லேசாகச் சூடுபண்ணுங்கள். திரும்ப மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் அடுத்த வருஷம் இதே கூத்து. மரை போய்விட்டால் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச்சுருள்) போடலாம். ஒரு சைஸ் பெரிதாக டேப் அடிப்பது (மரை வெட்டுவது) கடைசிக்கும் கடைசி.

கீழக்கரையிலிருந்து புல்லட் கொண்டுவருகிற காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் இருக்கிறார். அவருடைய ஹெட் கவர் மரையை வேறு இடத்தில் யாரோ எம்8 போட்டு உரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் வண்டியிலிருந்து கழலும் ஒவ்வொரு போல்ட்டையும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் அளவு எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு யெஸ்டிக்குப் போல்ட் இல்லாமல் நானே அந்த பாட்டிலைக் கடன் கேட்டேன். ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பழசத் திருப்பிக் கொடுத்துரு தம்பி" என்றார்.